ஆகாயநீலப் பிப்ரியும் நான்கு வெங்காயப் பாத்திகளும்

கனவு காண்கிற பழக்கம் உள்ளவர்கள் பஸ்ஸில் போவதுதான் நல்லது. அங்கே சாரதி என்று ஒருவர் இருப்பார். விழித்திருப்பது அவர் பொறுப்பு. நாம் யன்னலோரம் இருந்து எந்த உலகத்துக்கு வேண்டுமானாலும் போய்வரலாம். இந்த உண்மையை நான் இருபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்வதற்கு உரும்பிராயில் ஒரு நல்ல மனிதரின் வெங்காயம் பலியாக வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, யாழ்ப்பாணத்தில் யுத்த காலம். வீடு குருநகரில், கடற்கரையில். எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்ததோ உரும்பிராயில் ஒரு பெண்கள் பாடசாலையில். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது, அதனால் மிதிசைக்கிள்தான். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் மிதித்து நான் போய்ச் சேரும்போது, அதிபர் அம்மா வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு அந்தப் பேனையை மூடிக்கொண்டிருப்பார். பிந்தி வருகிறவர்கள் வைக்கிற இடமான அந்தக் கோட்டுக்குக் கீழே நான் மூன்று தரம் கையெழுத்து வைத்தாயிற்று.

"றீற்றா ரீச்சர், நாலாம் தரமும் கீழை கையெழுத்து வைச்சீங்களெண்டால், தூரப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லி நானே எழுதிப்போடுவன்" என்றார் அவர். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

ஆகவே மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று முடிவு செய்தேன். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அதில் போகிறவர்களுக்கு வியர்ப்பதில்லை. சக ஆசிரியை ஒருவர், கணிதம் படிப்பிப்பவர், மிகவும் நிதானமாக அறிவுரை சொன்னார். உதிரிப்பாகம் ஊரிலேயே கிடைக்கவேண்டும். என் கைக்கு எட்டுகிற விலையாக இருக்கவேண்டும். பெற்றோல் கண்ணில் காணாத காலம் என்பதால் மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். விழுந்தால் தனியே தூக்கி நிறுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஆகாயநீலமாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். (மற்ற நாலும் மறந்துபோனாலும் இது மறக்கவில்லை.)

வண்டி பார்க்க ஆள் வேண்டுமே. வீட்டில் எஞ்சின் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற எஞ்சின். அதையும் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கடலுக்குப் போகத் தடை. வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப்போட்டு, அதன் நிழலில் இருந்து, கிழிசல் பொத்தி முடித்த வலையையே மறுபடி பொத்திக்கொண்டிருந்தார். பேச்சும் மெல்ல மெல்ல நின்றுபோனது. "உந்த மனிசன் வாய் திறக்கிறது வெத்திலைக்கு மட்டுந்தான்" என்று அம்மா ஒரு நாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் கரைக்குப் போய், "அப்பா, ஒரு மோட்டச்சைக்கிள் பாக்கவேணும், வாறீங்களே?" என்று கேட்டேன்.

வலையிலிருந்து தலை நிமிர்ந்தது. "எஞ்சினோ?"

"ஓம்."

எழுந்து போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் பார்த்தது நகரத்தில் ஒரு கறுத்த நைன்ரி. தொண்ணூறு சீசீ வண்டியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. ஐம்பது என்றால் பிப்ரி. நான் அதைத் தாங்கியிலிருந்து எடுத்தேன், அது என்மேல் சாய்ந்தது, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அப்பா என்னைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "வள்ளம் இழுக்க எட்டுப் பேர் வேணும். உதைத் தூக்க நாலு பேர் வேணும். ரீச்சருக்குத் தினமும் நாலு பேரை எங்கை பிடிக்கிறது?"

இரண்டாவது கொக்குவிலில். அதன் சீற்றில் ஒரு கோழி அடைகிடந்தது. "இருபத்தொரு நாள் பொறுத்து வாங்கோ, இப்ப எழுப்பேலாது" என்றார் வீட்டுக்காரர். அப்பா கோழியை மதித்துத் திரும்பிவிட்டார்.

மூன்றாவதாகத்தான் உரும்பிராய்க்குப் போனோம். ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். அப்பா மிதிக்க, நான் கரியரில். விற்கிறவர் நடராசா அண்ணை என்று ஒரு தோட்டக்காரர். வீட்டை ஒட்டியே சிவந்த மண்ணில் வெங்காயமும் பீற்றூட்டும் பச்சைப் பச்சையாகப் பாத்தி கட்டி நின்றன. கிணற்றடியில் நீர் இறைக்கிற மிசின் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. மாமர நிழலில் அது நின்றது. பிப்ரி. ஆகாயநீலம்.

அந்த நேரத்தில் வெயில் இலைகளுக்கிடையால் வடிந்து அதன் முன்தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. நீலத்தில் இலைகளின் நிழல் மெதுவாக ஆடியது, ஆழமில்லாத தண்ணீருக்கடியில் பாசி ஆடுவதுபோல. நான் நின்ற இடத்திலேயே போய்விட்டேன். (உடம்பு மட்டும் உரும்பிராயில் நின்றது.)

அப்பா எஞ்சின் பக்கத்தில் குந்தினார். காதை வைத்தார். முகர்ந்து பார்த்தார். சுற்றிவந்து எதையோ தேடினார்.

"அண்ணை, உதுக்குத் தண்ணி எங்காலை போகுது?"

"தண்ணியோ?" நடராசா அண்ணைக்கு விளங்கவில்லை.

"எஞ்சின் சூடாகாமல் தண்ணி சுத்தி வெளியிலை பீச்சவேணுமல்லோ. ஓட்டையைக் காணேல்லை."

"உதுக்குக் காத்துத்தான் அண்ணை தண்ணி."

அப்பா நம்பாமல் தலையாட்டினார். "சரி, எண்ணெய் எவ்வளவு குடிக்கும்?"

"ரெண்டு பரப்பு வெங்காயம் இறைக்கிற எண்ணெயிலை யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வரலாம்."

அப்பா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "அப்ப ஒருக்கா வலை வைச்சுத் திரும்பலாம். பிழையில்லை."

ஒருவர் வெங்காயத்தாலும் மற்றவர் வலையாலும் தூரத்தை அளந்துகொண்டிருக்க, நான் திங்கட்கிழமைக் காலைக்குப் போய்விட்டிருந்தேன். பாடசாலை வாசலில் வேப்பம்பூ உதிர்கிறது. ஆகாயநீலம் ஒன்று சத்தமில்லாமல் மிதந்து வருகிறது. அதிலிருந்து நான் இறங்குகிறேன். சேலையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. பிள்ளைகள் வரிசையை விட்டு எட்டிப் பார்க்கிறார்கள். அதிபர் அம்மா சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு...

"...அப்பிடியெண்டால் பதறாதேங்கோ, விளங்கிச்சுதோ பிள்ளை?" என்றார் நடராசா அண்ணை.

"ஓம், ஓம்" என்றேன்.

அவர் ஒரு கண்மருந்துப் போத்தலை எடுத்து, அதிலிருந்து ஏழு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டார். வைரவரை நினைத்து ஓர் உதை. பிப்ரி தும்மியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது, பிறகு மண்ணெண்ணெய் பிடித்து நிதானமாக ஓடத் தொடங்கியது. "கோயிலடி மட்டும் போய்த் திரும்பி வாங்கோ. நான் மிசினடியிலை நிக்கிறன். அது பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நிண்டு கழுத்தறுக்குது" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார்.

இங்கே ஓர் ஒப்புதல். எனக்கு ஓடத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மாதா கோயில் மைதானத்தில் பெரியம்மாவின் மகளுடைய வண்டியில் பழகினது உண்மை. ஆனால் மைதானத்தைச் சுற்றி இடப்பக்கமாகவே வட்டமடித்துப் பழகியதால், வலப்பக்கம் திரும்புவது எப்படி என்று எனக்குத் தெரியாது. தேவையும் வந்ததில்லை.

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். புறப்பட்டோம்.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்ல? இருபத்தைந்து கிலோமீற்றர் வேகம்தான். எனக்கோ நிலத்தில் சில்லுப் படவில்லை என்றே தோன்றியது. மருதனார்மடத்துக்குப் போகிற அந்த வீதியில் இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள் விரிந்து விரிந்து பின்னால் போயின. வாய்க்கால்களில் தண்ணீர் வெள்ளிக் கோடுகளாக ஓடியது. நனைந்த மண்ணின் வாசமும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து வந்ததில், அந்தப் புகைகூட ஏதோ சாம்பிராணி போல இருந்தது. யுத்தம், தடை, சிவப்புக் கோடு எல்லாம் வேறு யாருடையதோ கதை.

கோயிலடியில் வண்டியைத் திருப்பவேண்டும். நிறுத்தினேன். "என்ன பிள்ளை?" என்றார் அப்பா. "வலப்பக்கம் திருப்பத் தெரியாது" என்றேன். அவர் இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி, பிப்ரியை வந்த திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஏறினார். அப்பாவுக்கு வண்டி பிடித்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வருகையில் என் தோளில் ஒரு கை விழுந்தது.

"பிள்ளை, எஞ்சின் பாடுது. கேக்குதோ?"

எட்டு மாதத்தில் அவர் வாய் திறக்கத் தொடங்கியதே வண்டி பார்க்க வெளிக்கிட்ட பிறகுதான். ஆனால் இது வேறு குரல். விடிகாலையில் வள்ளம் முனையைத் தாண்டும்போது கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள் கேட்டிருக்கக்கூடிய குரல். வீட்டுப் பெண்களுக்குக் கேட்கக் கிடைக்காத குரல். அந்தக் குரலை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பாடட்டும் என்று அக்சிலேற்றரை ஒரே முறுக்காக முறுக்கினேன்.

அது போய் இறுகிக்கொண்டது. விட்டேன், திரும்பி வரவில்லை.

"அப்பிடித்தான்! இன்னும் குடு!" என்றார் அப்பா மகிழ்ச்சியாக.

"நான் குடுக்கேல்லை அப்பா! அதுவாய்ப் போகுது!"

முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று, உலகத்தில் எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் வலப்பக்கமாக விலத்திப் போக வேண்டிய அளவுக்கு வீதியில் இடமிருந்தது. அப்பா அதைச் சரியாகவே கணித்தார். கணித்து, முப்பது வருடப் பழக்கத்தில், என் காதுக்குள் கத்தினார்:

"இடப்பக்கம் தள்ளு! இடப்பக்கம்!"

வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். வள்ளத்தில் எஞ்சினின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். கடலில் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெருவில், மாட்டுவண்டிக்கு முன்னால், இடம் என்றால் இடம்தானே? அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே பக்கம்! கீழ்ப்படிவுள்ள மகளாக, மைதானத்தில் பழகின அதே அழகோடு, இடப்பக்கம் திருப்பினேன்.

இடப்பக்கத்தில் வீதி இல்லை. நடராசா அண்ணையின் தோட்டம் இருந்தது.

வரம்பில் ஏறி, ஒரு கணம் ஆகாயத்தில் நின்று (அந்தக் கணம் மிகவும் இனிமையானது, பொய் சொல்லமாட்டேன்), முதல் பாத்திக்குள் இறங்கினோம். பிறகு இரண்டாவது பாத்தி. தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகுபோல எழும்பியது.

"எஞ்சினைத் தூக்கு!" அப்பாவின் கட்டளை. ஆழம் குறைந்த தண்ணீரில் எஞ்சின் அடிபடாமல் தூக்குவது கடல் வழக்கம். "பிள்ளை, எஞ்சினைத் தூக்கு!"

"எஞ்சினுக்கு மேலைதான் அப்பா இருக்கிறன்!"

மூன்றாவது பாத்தியில் அவர் நங்கூரம் போடுகிற எண்ணத்தில் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றினார். ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. அது இன்றைக்கும் உரும்பிராய் மண்ணுக்குள்தான் கிடக்கவேண்டும். நான்காவது பாத்தியில் பிப்ரி சறுக்கி, இறைப்புக் குழாயில் மோதி, படுத்துக்கொண்டது. குழாய் கழன்றது. மிசினும் நின்றது.

நான் வெங்காயத்தாள்களுக்கு மேல் இருந்தேன். சேலை முழுதும் சிவந்த சேறு. பக்கத்தில், தண்ணீர் நிறைந்த பாத்தியில், அப்பா மல்லாந்து கிடந்தார். கண் ஆகாயத்தைப் பார்த்தபடி. அசையவில்லை.

"அப்பா?"

எனக்கு உயிர் போய்விட்டது. தவழ்ந்து கிட்டப் போனேன். அவருடைய வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசம், பிள்ளை" என்றார். "எட்டு மாசத்துக்குப் பிறகு தண்ணிக்கை கிடக்கிறன்."

அதைக் கேட்டதும் நான் அழத் தொடங்கிவிட்டேன். அதற்குள் நடராசா அண்ணை மண்வெட்டியோடு வந்து நின்றார். பாத்திகளைப் பார்த்தார். பிப்ரியைப் பார்த்தார். குனிந்து அதன் சாவித் துவாரத்தில் இருந்த திறப்பைத் திருப்பினார். அதுவரை படுத்தபடியே கத்திக்கொண்டிருந்த எஞ்சின் அடங்கியது.

"பிள்ளை, அக்சிலேற்றர் வயர் வேறை வண்டியின்ரை, ஒரே முறுக்காய் முறுக்கினால் இறுகும், இறுகினால் திறப்பை நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?"

"எப்ப சொன்னனீங்கள்?" என்று விம்மலுக்கிடையில் கேட்டேன்.

"மாமரத்தடியிலை. நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்களே!"

அப்பா தண்ணீருக்குள் எழுந்திருந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால், நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. (நிலம் ஏற்கெனவே நான்கு இடத்தில் பிளந்துதான் இருந்தது.) வேப்பம்பூ உதிர்கிற வாசலில் நின்றுகொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்ல? இன்னும் பலமாக அழுதேன்.

நடராசா அண்ணை தலையைச் சொறிந்தார். "வெங்காயம் உரிக்க முதலே அழுகிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில், அப்பா எழுந்தார். சாரத்திலிருந்து தண்ணீர் ஒழுக, ஒற்றைச் செருப்போடு, பிப்ரியைத் தாண்டி நேரே கிணற்றடிக்கு நடந்தார். இறைக்கிற மிசினுக்கு முன்னால் குந்தினார்.

"அண்ணை, உது வந்த நேரம் தொடக்கம் இருமுது. எண்ணெய் வாற வழியிலை ஏதோ அடைப்பு. சாவிக்குறடு கிடக்கோ?"

நடராசா அண்ணை சாவிக்குறட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு சின்னத் துவாரத்தைக் காட்டி என் பக்கம் கையை நீட்டினார்; என் கொண்டையூசியைக் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். துவாரத்தைக் குத்தி, ஊதி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். மிசின் ஒரு தடவைகூட இருமாமல் ஓடத் தொடங்கியது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் இறங்கியது. நடராசா அண்ணை அந்தத் தண்ணீரில் கையை நனைத்துப் பார்த்தார்.

"அண்ணை" என்றார் கடைசியில், "ரெண்டு மாசமாய் ஆரும் உதுக்கு வழி சொல்லேல்லை. அங்காலைத் தோட்டத்து மிசினும் உப்பிடித்தான் கிடக்குது. அதையும் ஒருக்கா வந்து பாப்பியளோ?"

"உதுக்கென்ன, வாறன்" என்றார் அப்பா. "வெங்காயத்துக்கு என்ன செய்ய?"

"வெங்காயத்தை விடுங்கோ. அது இன்னும் பத்து நாளிலை கிண்டுறதுதான். பாதி வேலையைப் பிள்ளை முடிச்சுப்போட்டா."

பிப்ரியை நான் தனியே தூக்கி நிறுத்தினேன். முடிந்தது. நீலத் தகடு வெடித்திருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. மூன்றாவது உதையில் தும்மிக்கொண்டு எழும்பியது. நான்கு பாத்தி உழுத பிறகும் மூன்றாவது உதையில் எழும்புகிற வண்டியைவிட நம்பிக்கையானது எங்கே கிடைக்கும்? அதையே எடுத்தோம். புது அக்சிலேற்றர் வயரை அப்பாவே போட்டார்.

திங்கட்கிழமை சிவப்புக் கோட்டுக்கு இருபது நிமிடம் முன்பாகவே போய்விட்டேன். செய்தி எனக்கும் முன்பாகப் போயிருந்தது. நடராசா அண்ணையின் மகள் எட்டாம் வகுப்பில் படித்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் உண்மையாகவே வரிசையை விட்டு எட்டிப் பார்த்தார்கள். அதிபர் அம்மா பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "றீற்றா ரீச்சர், நேரத்துக்கு வந்தது சந்தோசம். றோட்டாலை வந்தது அதைவிடச் சந்தோசம்." அன்று தொடக்கம் நான் வெங்காய ரீச்சர்.

அப்பாவும் அன்று தொடக்கம் என்னோடுதான் வந்தார். காலையில் அவரை உரும்பிராயில் இறக்கிவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். பின்னேரம் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். ஒரு தோட்டத்து மிசின் இரண்டாகி, இரண்டு பத்தாகி, கடல் திறக்கும் வரைக்கும் அவருக்கு ஓய்வில்லை. புத்தூரிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வாயும் திறந்துகொண்டது. பின்சீற்றில் இருந்து ஒவ்வொரு சந்தியிலும் கட்டளை போடுவார். நான் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்: "அப்பா, கடல் இடமோ, றோட்டு இடமோ?"

அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். அயலட்டையும் பிடித்துக்கொண்டது. யாராவது வழி கேட்டாலும், சாமான் எடுத்துத் தரச் சொன்னாலும், எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு காரியம் நடக்காது.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். கோயில் நிறையச் சனம். உரும்பிராயிலிருந்து நடராசா அண்ணை குடும்பத்தோடு வந்து மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வந்தார். புதுச் சேட்டு, புது வேட்டி.

"பொம்பிளையை மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் விடுங்கோ" என்றார் சுவாமியார்.

அப்பா என்னை வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்சமும் தயங்காமல், மிகவும் பக்தியோடு. பிறகு மூன்றாவது வாங்கிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அதைத் தொடர்ந்து கோயில் முழுவதும் சிரித்தது. அப்பாவின் கண்ணைப் பார்த்த சுவாமியார், என்னை மாற்றி நிறுத்தவேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுப் பூசையைத் தொடங்கினார்.

அந்தப் படம் எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "படத்தை மறுபக்கமாய்க் கழுவிப்போட்டாங்களோ? பொம்பிளை மாறி நிக்கிறாவே" என்று கேட்பார்கள். என் பிள்ளைகள் நான் வாய் திறக்க விடமாட்டார்கள்.

"இல்லை" என்பார்கள். "அம்மா சரியாய்த்தான் நிக்கிறா. அது கடல் இடம்."